தன் கதையில் தானே

கற்பனைக் கதையில் எதனையும் படைக்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. அக்கதைக்குள் அவனே ஒரு மாந்தனாகப் புகும்போது, அவ்வுரிமையே அவனுக்கு இடராகிவிடுகிறது. தன்னைத் தானே வானளாவ உயர்த்திக்கொண்டால் அங்கே தடுப்பார் யார்?

1302-ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரினின்றும் நாடு கடத்தப்பட்ட இத்தாலியக் கவிஞர் தாந்தே, அவ்வாறு புகுந்தவர். ‘டிவைன் காமெடி’ என ஆங்கிலத்தார் வழங்கும் அவருடைய காப்பியத்தில், நரகத்தையும், உயிர்கள் தூய்மை பெறும் மலையையும், துறக்கத்தையும் உயிரோடு கண்டு வருபவர் அவரே. பகைவர் சிலரை நரகத்தில் இட்டார். ஹோமர், வர்ஜில் முதலிய பெரும்புலவர் ஐவரோடு தம்மை ஆறாமவராகச் சேர்த்துக்கொண்டார். இது செருக்கே, மறைப்பதற்கில்லை. செருக்குற்றோர் படும் துன்பம் தமக்கும் காத்திருக்கிறதென அம்மலையில் அவரே அஞ்சுகிறார்.

ஆயினும் அவர் நேர்மைக்குச் சான்று வேறோரிடத்தில் உள்ளது. பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளுள் அவர் பெயர் ஒரே ஒருமுறைதான் வருகிறது. வழிகாட்டி வந்த வர்ஜில் மறைந்துவிடவே, அவர் கண்ணீர் உகுக்கிறார். அவர் அன்பு செலுத்தி, 1290-இல் மறைந்த பியாட்ரிஸ் எதிரே தோன்றி, ‘தாந்தே’ என விளிக்கின்றாள். வாழ்த்துதற்கு அன்று, கடிதற்கு. தான் இறந்தபின் அவர் நெறி பிறழ்ந்ததை எல்லாரும் கேட்க எடுத்துரைக்கின்றாள். அச்சொற்களை அவள் வாயில் வைத்தவரும் தாந்தேயே அன்றோ! நாணித் தலைகவிழ்ந்தவர், ஓடைநீரில் தம் உருவைக் காண்கிறார். காணப் பொறாது, கண்களைக் கரைப் புல்லின்மேல் திருப்பிக்கொள்கிறார்.