தடுத்தவனுக்கு நன்றி இல்லை

ஆரப்பாளையத்துக் காப்பிக் கடையில் கிரிக்கெட் வீரர் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். சையத் நயீமுத்தீன் என்றேன், "எந்தக் கட்சி ஸார்?" என்றார் ஒருவர்.

ஹைதராபாத்காரர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரர். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற நம் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆண்கள் கால்பந்தில் அதற்குப் பின் அங்கே நமக்கொரு பதக்கமும் இல்லை. பிற்பாடு தேசியக் குழுவின் பயிற்சியாளருமானார்.

சர்க்காரின் கூத்தைக் கேளுங்கள்: பயிற்சி தந்ததற்குத் துரோணாச்சாரியார் விருது 1990-ல், ஆடியதற்கு அர்ஜுனா விருது 1997-ல்! குருவுக்கு 7 வருஷம் கழித்துச் சிஷ்யப் பட்டம்!

சர்க்காரை மட்டும் ஏசுவானேன்? கோல் போட்டவனைத் தோளில் சுமக்கிறோம் நாமும். விழாத கோலுக்குக் கணக்கில்லை, சரி. விழாமல் காத்தவனுக்கு நன்றியுமா இல்லை?