என் வயல் மீத்தேனை யார் பேரில் எழுதுவது?

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். கார்பன் நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு இளைஞர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கையில் ஒரு அடி நீளத்துக்கு, சுற்றிலும் ஓட்டை போட்ட பிவிசி குழாய். "உங்க வயல்லேர்ந்து மீத்தேன் வருது சார். இந்தக் குழாயை இறக்கி, நாங்க சொல்றபடி தண்ணி வச்சா அது குறையும். அதுக்குப் பணமும் வரும்" என்றார் ஒருவர். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தே விட்டார். "என்னது, மீத்தேனா? மறுபடியும் குழாய் இறக்க வந்துட்டானுவளா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு மீத்தேன் என்றால் நினைவுக்கு வருவது வேறு. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் நம்மாழ்வார் ஐயா உயிர் பிரிந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் 2020-இல் வந்தது. அன்றைக்கு நம் மண்ணுக்கு அடியில் இருந்த மீத்தேன் நாட்டின் செல்வம். இன்றைக்கு மண்ணுக்கு மேலே வரும் மீத்தேன் உழவன் செய்யும் குற்றம். நல்ல கணக்குதான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் மேஜை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது பழகிவிட்டது. அந்த இளைஞர்கள் கொடுத்த ஒப்பந்தத்தையும் வாங்கி வந்து அப்படித்தான் படித்தேன். படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அறிவியல். அதில் பொய் இல்லை, சொல்லிவிடுகிறேன். வயலில் தண்ணீர் தொடர்ந்து நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்குள்ள தழை, தாள், வேர்க் கசிவு இவற்றைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வந்து காற்றில் கலக்கிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். இருபது வருஷக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். அவர்கள் கொண்டுவந்த குழாயைச் சேற்றில் அரை அடி ஆழத்துக்கு இறக்கி, தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதி குறையும். நம் தாத்தா காலத்திலிருந்தே இதற்குப் பெயர் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒற்றை நாற்று நட்டவர்களுக்கு இது புதிதில்லை. தூர் நன்றாகக் கட்டும், வேர் கீழே இறங்கும், மோட்டார் ஓடுவதும் குறையும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. தக்கைப்பூண்டை மடக்கி உழுது, உடனே தண்ணீர் கட்டி நடுகிறோமே, அது மீத்தேன் நுண்ணுயிருக்கு விருந்து. நடவுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் வைக்கோலையும் தாளையும் அப்படியே சேற்றில் அமுக்குவது அதைவிட மோசம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தரும் கணக்கு முறையிலும் மட்கிய எருவுக்குக் குறைவான எடை, பசுந்தாளுக்கு அதிகம், புது வைக்கோலுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். 'இயற்கை விவசாயம், அதனால் வாயுவே வராது' என்று மேடையில் பேசுகிற நண்பர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் இப்போது தாளை முன்கூட்டியே உழுது விடுகிறேன், இல்லாவிட்டால் எருக்குழிக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

ஆனால் அறிவியல் சரி என்பதற்காகக் கணக்கும் சரி என்று ஆகிவிடாது. வங்கியில் ரூபாய் நோட்டு நல்ல நோட்டாகத்தான் இருக்கும். யார் கணக்கில் பற்று, யார் கணக்கில் வரவு என்பதில்தான் தப்பு நடக்கும்.

மீத்தேன் கணக்கில் இந்தத் தப்பு ஒரு முறை நடந்தே இருக்கிறது. 1990 வாக்கில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3.7 கோடி டன்னுக்கும் மேல் மீத்தேன் விடுவதாகப் போட்டிருந்தார்கள். வேறு நாட்டு வயல்களில் அளந்த அளவை நம் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் நம் விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே இறங்கி அளந்தார்கள். கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! அளக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெரிய எண்ணை வைத்துத்தான் உலக மேடையில் நம்மிடம் பேசியிருப்பார்கள். அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூல் ஒன்று இன்னொரு கேள்வியைக் கேட்டது. வயிற்றுப்பாட்டுக்காக நெல் விளைவிப்பவனின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து எரித்த நிலக்கரி, எண்ணெய்ப் புகையில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இருக்கும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நாலுகூட இல்லை.

இதோடு இன்னொன்று. மீத்தேன் காற்றில் சுமார் பன்னிரண்டு வருஷம் இருந்து கலைந்துவிடும். அதிலுள்ள கரியும் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான். நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயு அப்படியில்லை. அதில் ஒரு பகுதி பல நூறு வருஷம், ஆயிரம் வருஷம்கூட அங்கேயே நிற்கும். கார்பன் கிரெடிட் என்பது என்ன? நான் குறைத்த மீத்தேனைக் காட்டி ஒரு விமானக் கம்பெனியோ எண்ணெய்க் கம்பெனியோ தன் புகையைக் கழித்துக்கொள்வது. என்னுடையது நகைக்கடன் மாதிரி, ஒரு வருஷத்தில் திருப்பிவிடலாம். அவனுடையது பேரன் காலம் வரை தீராத கடன். இரண்டையும் நேருக்கு நேர் கழித்தால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்?

சரி, பணமாவது வருகிறதா பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன். தெற்காசியாவுக்கு ஐ.பி.சி.சி. தரும் சராசரி, தண்ணீர் தொடர்ந்து நிற்கும் வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 120 நாளுக்கு 102 கிலோ. ஏக்கருக்கு 41 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் 45 விழுக்காடு குறையும் என்று வைத்தால் 18 கிலோ. அதை 28-ஆல் பெருக்கினால் சுமார் அரை டன். கிரெடிட் என்பது ஒரு டன். ஒரு கிரெடிட் 10 டாலருக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏக்கருக்கு 5 டாலர். நம் காசுக்கு நானூற்றுச் சொச்சம். அதில் நிறுவனத்தின் பங்கு, சரிபார்ப்பவரின் கூலி எல்லாம் போக வருவது ஒரு ஆள் கூலிக்குக் காணாது. அதற்காக என் பட்டா நகல், ஆதார், வயலின் படம், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் செல்போனில் போட்டோ. கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: ஒப்பந்தக் காலம் முழுக்க வயலின் கார்பன் உரிமை அவர்களுக்கு. வேறு யாரிடமும் பேசக்கூடாது. அரசே நாளைக்கு ஏதாவது திட்டம் கொண்டுவந்தாலும் நான் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பட்டா என்றதும் நினைவு வருகிறது. எங்கள் ஊரில் கோயில் நிலத்திலும் வெளியூர்க்காரர் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் நிறைய. சேற்றில் நின்று மடை திருப்புகிறவர் அவர். பணம் போவது பட்டாக்காரருக்கு. பயிர்க்கடனில் இதைத்தான் ஆயுள் முழுக்கப் பார்த்தேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் வேறு. "சார், நீங்க ஏற்கெனவே காய்ச்சலும் பாய்ச்சலுமா செய்றீங்க. அதனால உங்க வயலைச் சேர்க்கிறது கஷ்டம். புதுசா மாறுறவங்களுக்குத்தான் கிரெடிட்" என்றார் அந்த இளைஞர், கொஞ்சம் சங்கடத்தோடு. அவர் சொன்னது கார்பன் சந்தையின் அடிப்படை விதி. பணம் வருவதால் மட்டுமே நடந்த மாற்றமாக இருக்க வேண்டும். கேட்டதும் எனக்கு 2008 ஞாபகம் வந்துவிட்டது. கடன் தள்ளுபடிப் பட்டியலை வங்கி வாசலில் ஒட்டிய அன்று, நகையை விற்றாவது தவணை தவறாமல் கட்டிய ஒரு சிறு விவசாயி என் மேஜைக்கு வந்தார். "ஒழுங்கா கட்டினவன் முட்டாளா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாசிக்குச் சோறு போடும் யூரியாவை விட்டு, ரசாயனத்தை விட்டு, இருபது வருஷம் மண்ணைத் தேற்றியவர்கள் நம் வாசகர்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தச் சந்தையில் இடம் இல்லை. இன்றுவரை கெடுத்தவனுக்கு உண்டு. நேற்றே திருந்தியவனுக்கு இல்லை.

அந்தச் சந்தையின் லட்சணத்தையும் பார்க்கலாம். கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் பெரிய அமைப்பான வெர்ரா, சீனாவில் நெல் வயல் மீத்தேனைக் குறைப்பதாகச் சொன்ன 37 திட்டங்களை 2024 ஆகஸ்டில் நிராகரித்தது. அதற்குள் அவற்றின் கிரெடிட்டுகள் விற்கப்பட்டுவிட்டன. இங்கேயோ 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் விவசாயத்தில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

அதற்காக வெப்பமாவது பொய், எல்லாம் வெள்ளைக்காரன் சதி என்று பேசுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். 2018-இல் கஜா புயலில் விழுந்த தென்னைகளையும், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தவன் அப்படிப் பேச மாட்டான். குறைக்க வேண்டியது நிச்சயம். கிளாஸ்கோவில் 2021-இல் போட்ட மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடாததோடு வேலை முடிந்தது என்று டெல்லி இருப்பது சரியில்லை. பாகூவில் 2024-இல் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டது வருஷத்துக்கு 30,000 கோடி டாலர், அதுவும் 2035-க்குள். அதில் எவ்வளவு கடனாக வரும் என்பதைக் கவனியுங்கள். இதுவரை அவர்கள் 'உதவி' என்று கணக்குக் காட்டியதில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான். நாங்கள் அப்படி எழுதியிருந்தால் வேலை போயிருக்கும்.

ஆனால் நம் வீட்டுப் பணத்தை எங்கே வைக்கிறோம்? 2022-23-இல் உர மானியத்துக்கு மத்திய அரசு கொடுத்தது சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் அறிவித்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மொத்தமாக 2,481 கோடி. நூற்றுக்கு ஒன்று! இங்கே நம் மாநிலக் குறுவைத் தொகுப்பிலும் இலவசமாகக் கொடுத்தது யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடும் வயலில் யூரியாவை வீசினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. ஒரு கையால் மீத்தேனைக் குறைக்கச் சொல்லி, மறு கையால் மூட்டையை நீட்டுகிறார்கள்.

அந்த மானியத்தில் ஒரு பகுதியை ஏக்கருக்கு இவ்வளவு என்று, ரசாயனம் போடாத, தண்ணீரை அளந்து விடும் உழவர் கணக்கில் நேராகப் போட வேண்டும். ஏற்கெனவே செய்கிறவருக்கும் சேர்த்து, குத்தகைக்காரருக்கும் சேர்த்து. கிரெடிட் வேண்டாம், கூலி போதும். தண்ணீர் நிர்வாகமும் கூடவே மாற வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில், அடுத்த முறை எப்போது என்று தெரியாதவன் எந்தத் தைரியத்தில் வயலைக் காயப் போடுவான்? ஐப்பசி, கார்த்திகையில் வடிகாலே வழியாதபோது சம்பாவில் காய்ச்சல் ஏது? போர் மோட்டார் இருக்கிறவர் குறுவையில் செய்யலாம், அவ்வளவுதான். வடிகால் தூர்வாருவதும் காலநிலை நடவடிக்கைதான் என்று யாராவது அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மாதக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுத்திருக்கிறேன். குழாயை நானே இரண்டு இறக்கினேன். மிச்சமிருந்த பிவிசி துண்டில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டது. டீக்கடைப் பெரியவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுக் கூத்து?" என்றார்.

அந்த இளைஞர்கள் பக்கத்து ஊர்களுக்கும் போயிருக்கிறார்களாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை யாராவது கொண்டுவந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துச் சொல்கிறேன். மாலை ஐந்துக்கு மேல் களத்தில்தான் இருப்பேன்.