முதல் நிரல் ஒரு பாகப்பிரிவினைக் கணக்காக இருக்கட்டும்



கணினி மொழி பயிலத் தொடங்கும் பிள்ளைகள் எழுதும் முதல் நிரல்களுள் ஒன்று கணிப்பான். கறுப்புத் திரையில் இரண்டு எண்களைக் கேட்டு, கூட்டியோ வகுத்தோ விடை சொல்லும் சிறிய நிரல் அது. கைப்பேசியிலேயே கணிப்பான் இருக்க இது எதற்கு என்று பெற்றோர் வினவக்கூடும். இது அவசியமானது என்பதே என் கருத்து.

பைத்தான் மொழியில், தட்டச்சு செய்த 12ஐயும் 8ஐயும் அப்படியே கூட்டினால் 20 வராது. 128 என்று வரும். அவை எண்கள் என்று நாம் சொல்லாதவரை இயந்திரம் அவற்றை எழுத்துகளாகவே கருதும். பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் நிரல் நின்றுவிடும். அதை முன்கூட்டியே தடுப்பது எழுதுபவரின் பொறுப்பு. கணக்கின் நேர்மை கணக்கிடுபவரைச் சார்ந்தது என்பதைப் பிள்ளை இங்கே கற்றுக்கொள்கிறது.

அடுத்த படியாக, அந்த நிரலை வாரிசுரிமைக் கணக்காக வளர்க்கச் சொல்லுங்கள். இது புதிய வழியன்று. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே ‘அல்காரிதம்’ என்ற சொல் பிறந்தது. ‘அல்ஜீப்ரா’ என்ற பெயருக்குக் காரணமான அவரது நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியதே.

நெய்வேலி நகரியத்தில் இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. ஓய்வு பெற்றதும் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் வெளியே ஒரு வீடாகவோ மனையாகவோ மாறுகின்றன. தந்தை மறைந்தபின் அது யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு பல ஆண்டுகள் தள்ளிப்போகிறது. “கல்யாணத்தில் செய்த சீரே அவள் பங்கு” என்று மகளிடம் சொல்லப்படுகிறது.

ஸூரத்துன் நிஸா 11, 12ஆம் வசனங்கள் அப்படிச் சொல்லவில்லை. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக எஞ்சியது 40 லட்சம் என்போம். இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். இதைத் தன் கையால் நிரலாக எழுதிய பிள்ளை, அத்தையின் அந்தப் பங்கு எங்கே என்று ஒருநாள் கேட்கும். கேட்கட்டும்.

நிரலின் எல்லையும் அப்போதே விளங்கும். ஒரு பெண் கணவரையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு இறந்தால், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. 6 லட்சத்தில் 3 லட்சமும் 4 லட்சமுமாக நிரல் 7 லட்சத்தைப் பங்கிடும்! சொத்தை ஏழு பங்காக்கி, கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் தரும் ‘அவ்ல்’ முறை, உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் வகுக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளும் அதை ஏற்றன. ஆகவே இறுதி விடையை ஆலிமிடம் காட்டிச் சரிபார்ப்பது கட்டாயம்.

பங்கீட்டில் ஒரு ரூபாயும் பிறர் ஹக்காக நம்மிடம் தங்கிவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.