மரம் இருக்க மணல் தேடுவதேன்?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையை நம் முன்னோர் வீணாகச் சொல்லிவைக்கவில்லை. மலைநாட்டு மக்களின் வீட்டுப் பிரச்சினையை நோக்கும்போது அக்கதையே நம் நினைவிற்கு வருகின்றது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தன. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த பேரிடரின் கண்ணீர் உலருமுன்னரே இத்துயர் வந்துற்றது. இனிப் பாதுகாப்பான இடங்களில் புதிய வீடுகள் எழுந்தாக வேண்டும். இந்திய உதவியுடன் 4,000 வீடுகளுக்கான திட்டம் முன்னரே வகுக்கப்பட்டது. மேலும் 10,000 வீடுகள் தரப்படுமென இந்தியப் பிரதமர் மோடி 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் அறிவித்தார். ஆகவே, வீடு வேண்டுமா என்பது இன்று கேள்வியன்று. எதனால் வீடு கட்டுவது என்பதே கேள்வி.

சீமெந்து, மணல், இரும்புக்கம்பி என்பதே அதிகாரிகளுக்குத் தெரிந்த ஒரே விடை. சீமெந்து சமவெளியிலிருந்து லொறியேறி வருகின்றது. மணலுக்காக ஆற்றுப் படுகைகள் தோண்டப்படுகின்றன. உலகம் வெளியேற்றும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலினின்றே எழுகின்றது. அவ்வாயு வானத்தைச் சூடாக்குகின்றது. சூடேறிய வானம் பெருமழையை மேலும் பெருமழையாக்குகின்றது. அம்மழையே நம் மலையைச் சரிக்கின்றது. மழையால் வீடிழந்தவனுக்கு, மழையை வளர்க்கும் பொருளால் வீடு கட்டுவது மதியுடைமையாகுமா?

லயன் வாசலில் நின்று சற்றே தலைநிமிர்ந்து பாருங்கள். அட்டனிலிருந்து நுவரெலியா வரை தேயிலை மலைகளின் உச்சியிலும் ஓரத்திலும் யூகலிப்டஸ் தோப்புகள் ஓங்கி நிற்கின்றன. இம்மரங்களிற் பெரும்பங்கின் கதி யாது? தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலை அடுப்பிற்கு விறகாவதே. ஆண்டுக்கணக்காக மரம் காற்றிலிருந்து உறிஞ்சிச் சேர்த்த கரி ஒரே நாளிற் புகையாகி மீண்டும் காற்றை அடைகின்றது.

அதே மரம் பலகையாகிச் சுவரானால் அக்கரி வீடு நிற்குங்காலமெல்லாம் வீட்டினுள் அடைபட்டுக் கிடக்கும். உலர்ந்த மரத்தின் எடையிற் பாதி கரியே. 500 கிலோ எடையுள்ள ஒரு கன மீற்றர் மரம் ஏறத்தாழ 900 கிலோ கரியமிலவாயுவைச் சிறைப்படுத்தி வைத்துள்ளது. அதே அளவான கொங்கிறீற்றின் எடையோ 2,400 கிலோ.

பெருமரம் வேண்டுமே, சிறு மரத்தில் வீடு கட்டலாமா எனச் சிலர் வினவுவர். அங்கேதான் புதிய தொழில்நுட்பம் கைகொடுக்கின்றது. சிறு பலகைகளை உலர்த்தி, ஒன்றன்மேலொன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் சுவராகவும் தளமாகவும் நிற்கவல்ல பெரும்பலகை கிடைக்கும். 1990களில் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் உருப்பெற்ற முறை இது. ஒட்டு மரத்தைக் கொண்டே நோர்வேயில் 2019ஆம் ஆண்டு 85 மீற்றர் உயரமுள்ள 18 மாடிக் கட்டடம் எழுந்தது. நமக்கோ பதினெட்டு மாடி வேண்டியதில்லை. மானத்தோடு வாழ ஒரு மாடி போதும்.

“மறுபடியும் பலகைக் கொட்டிலா?” என மக்கள் சீறுவது நியாயமே. ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னும் தற்காலிகக் கொட்டில் என்று தந்து, ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடக்கவிட்ட கொடுமையை அவர்கள் மறந்திலர். நாம் கேட்பது கொட்டிலன்று. எஞ்சினியர் கணக்கிட்டு, கல் அடித்தளத்தின்மேல், சுவரிற் சாரல் படாத நீண்ட கூரையோடு எழுப்பும் நிரந்தர வீடு. கறையானுக்கு மருந்தூட்டிய மரம் வேண்டும். நச்சாவி குறைந்த பசை வேண்டும். தடித்த மரம் தீப்பட்டால் வெளிப்புறம் கரியாகி உட்புறத்தை நெடுநேரம் காக்கும் என்பதும் சோதித்தறிந்த உண்மையே. எனினும், சரியும் மலையில் மர வீடும் காவலன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்ற நிலமே முதலில் வேண்டும்.

மரத்தொழிலின் பெயரால் இந்நாடு ஒருமுறை தவறியதையும் மறைக்கலாகாது. ஒட்டுப்பலகைக்காக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கள் புகுந்தன. மக்கள் எதிர்ப்பின் பின்னர், 1977ஆம் ஆண்டளவில் அவ்வெட்டு நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. எனவே, இயற்கைக் காட்டில் ஒரு கிளையையும் தொடலாகாது. நட்ட தோப்பில் வெட்டலாம். வெட்டிய இடத்தில் நட்டாக வேண்டும். புதிய தோப்புக்காகப் புல்வெளியையும் நீரூற்றையும் அழித்தலும் ஆகாது. கிளையும் கழிவும் அடுப்பிற்குப் போகட்டும். அடிமரம் வீட்டிற்கு வரட்டும்.

இனிச் சட்டத்தின் கேள்வி: அம்மரம் யாருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வந்தது. நிலம் அரசிடம், குத்தகை கம்பனியிடம், உழைப்பு மட்டும் தொழிலாளியிடம்! தாத்தன் நட்ட மரத்திற் பேரன் ஒரு பலகைக்கும் உரிமையற்று நிற்கின்றான்.

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, மீள்குடியேற்ற வீடுகளிற் சிலவற்றையேனும் தோட்ட மரத்தாற் கட்டிச் சோதித்தல். இரண்டு, வீட்டுக்கான மரத்தை ஒதுக்கிக்கொடுக்கும் கடமையைக் குத்தகை உடன்படிக்கையிற் சேர்த்தல். பலகை ஆலையை மலைநாட்டிலேயே அமைத்து நம் இளைஞருக்கு வேலை தருதல். மூன்று, வீட்டின் திறப்போடு காணி உறுதியையும் கையில் வைத்தல்.

எஞ்சினியர்களே, கணக்கை எடுத்துக் கொடுங்கள். விவசாயிகளே, உங்கள் தோட்ட எல்லையில் நாளைய உத்திரத்தை இன்றே நடுங்கள். இருநூறு ஆண்டுகளாக மரம் நட்டவன், தன் மரத்து நிழலில் மட்டுமன்று, தன் மரத்தாலான வீட்டிலும், அதுவும் தன் பெயரில் எழுதிய வீட்டில், உறங்கும் நாள் வரவேண்டும். அந்நாள் தானே வாராது. நாமே வருவித்தல் வேண்டும்.