கணப்படுப்பில் மின்சார ஹீட்டர்: சில எச்சரிக்கைகள்

வட இந்தியாவில் வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களிலும் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் சுவரோடு கட்டிய கணப்படுப்பைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர் வீடுகளில் அது பெரும்பாலும் பழைய பேப்பர் அடுக்கும் மாடம். டிசம்பர் பிறந்ததும், "இடம்தான் இருக்கிறதே, ஒரு ஹீட்டரை உள்ளே வைத்தால் ஆயிற்று" என்கிறார்கள். யோசனை நல்லதுதான். செய்கிற முறைதான் சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வடக்கே குளிர்காலத்தில் அடிக்கடி வருகிறது. காரணம் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். மின்சார ஹீட்டரில் இந்த ஆபத்து கிடையாது.

ஆனால் அதற்கென்று வேறு ஆபத்து உண்டு. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். டி.வி.க்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இதைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து இழுப்பது அதைவிட மோசம். தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை அவசியம். அரசு குவார்ட்டர்ஸ் என்றால் மின்பிரிவில் சொல்லிச் செய்யுங்கள். ஆயிரக்கணக்கில் ஹீட்டர் வாங்குகிறவர்கள் வயரிங்கில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை.

அடுத்தது புகைபோக்கி. அது திறந்திருந்தால் அறையின் சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். மணிக்கு 2 யூனிட் செலவழித்து ஆகாயத்தைச் சூடாக்குவீர்கள். ஆகவே முதலில் கரியையும் புறாக்கூட்டையும் சுத்தம் செய்து, உள்வாயை ஜி.ஐ. தகட்டால் மூடுங்கள். ஈரம் தேங்காதிருக்கச் சிறு துவாரங்கள் விடுங்கள். கூரைமேல் மழைக்கு மூடியும் வலையும் வேண்டும். முன்பக்கம் சூடு வீசும் ராடு ஹீட்டர் இந்த மாடத்துக்குப் பொருந்தும், சுற்றிலும் கம்பெனி சொன்ன இடைவெளி இருந்தால். எண்ணெய் ரேடியேட்டரை அறைக்குள் வைப்பதே நல்லது.

இத்தனையும் செய்பவர்கள்கூட மறந்துவிடும் காரியம் ஒன்று உண்டு. நாம் மாற்றலாகிப் போவோம். வேறொரு குடும்பம் குடிவரும். ஒரு ராத்திரி கரண்ட் போகும். கணப்படுப்புதான் இருக்கிறதே என்று அவர்கள் கரியைப் பற்றவைப்பார்கள். மேலே தகடு அடைத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கீட்டி செய்யும் அதே வேலையை அந்த அடுப்பும் செய்துவிடும்.

தண்டவாளத்தில் வேலை நடந்தால் தூரத்திலேயே பலகை நடுவது ரயில்வே வழக்கம். வருகிற டிரைவருக்கு நம் மனதில் இருப்பது தெரியாதல்லவா? வீட்டுக்கும் அதே நியாயம்தான். "புகைபோக்கி மூடப்பட்டுள்ளது, நெருப்பு மூட்டாதீர்" என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயிண்டால் எழுதி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.