அவரவர்க்கு அளிக்கப்பட்ட அமானிதம்

எல்லாம் வல்ல இறைவன் மனித குலத்தை ஒரே அச்சில் வார்த்தெடுக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவன் கேட்டதை மறவாதவனாகவும், மற்றொருவன் கண்டதைக் கையால் செய்து காட்டுபவனாகவும், இன்னொருத்தி நாலு பேரின் பிணக்கை நயமாகத் தீர்த்து வைப்பவளாகவும் வளர்வதைக் காண்கிறோம். இவ்வேற்றுமை தற்செயலாய் நேர்ந்ததன்று; படைத்தவனின் ஏற்பாடு. ஆனால் நம் இல்லங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் முடிவு செய்யப்படும் விதத்தைப் பார்க்கும்போது, அந்த ஏற்பாட்டை நாம் மதிக்கிறோமா என்ற ஐயம் எழுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை எதைப் படித்தானோ அதையே நம் பிள்ளையும் படிக்க வேண்டும். மாமன் மகன் எந்த நாட்டுக்குப் பிழைக்கப் போனானோ அந்த நாட்டுக்கே இவனும் போக வேண்டும். இவனுக்கு எது இயல்பாக வருகிறது என்று கேட்பவர் அரிது.

அன்புக்குரிய வாசகர்களே! அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது. தம்மைச் சூழ்ந்திருந்தோரில் ஒவ்வொருவரிடமும் இறைவன் எதை வைத்திருக்கிறான் என்று அவர்கள் கண்டறிந்தார்கள், கண்டதை வளர்த்தார்கள், வளர்ந்ததைப் பணியில் ஈடுபடுத்தினார்கள்.

ஹஜ்ரத் ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களின் வரலாற்றை நோக்குங்கள். கி.பி. 622இல் பெருமானார் மதீனா வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது சுமார் 11. தந்தையை இழந்த சிறுவர். அவருடைய குலத்தார் அவரைப் பெருமானாரிடம் அழைத்து வந்து, இச்சிறுவர் இதற்குள்ளாகவே பத்துக்கும் மேற்பட்ட சூராக்களை மனனம் செய்துள்ளார் என்று தெரிவித்தனர். பெருமானார் அவரை ஓதச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார்கள். பாராட்டியதோடு நின்றுவிடவில்லை. யூதர்களோடு நடைபெறும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அரை மாத காலத்தில் அதைக் கற்றுக்கொண்டதாக ஸைத் (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். அவர் பத்ருப் போருக்குப் புறப்பட முன்வந்தபோது, வயது போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டார். வாளேந்தும் வாயில் அன்று அவருக்கு அடைபட்டிருந்தது. எழுதுகோலின் வாயில் அகலத் திறந்திருந்தது. நாளடைவில் அவர் வஹீயை எழுதும் எழுத்தர்களுள் ஒருவரானார்.

பெருமானாரின் மறைவுக்குப் பின் நடந்த யமாமாப் போரில் திருமறையை மனனம் செய்தோர் பலர் ஷஹீதாயினர். திருமறையை ஒன்றாகத் திரட்ட வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்த, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்பணிக்கு அழைத்தது இந்த ஸைதைத்தான். அவரைத் தேர்ந்ததற்குக் கலீஃபா கூறிய காரணங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை: அவர் இளைஞர், அறிவாளி, எவராலும் ஐயுறப்படாதவர், பெருமானாருக்காக வஹீயை எழுதிப் பழகியவர். ஒரு மனிதனின் தகுதியை இதனினும் செம்மையாக எடை போட முடியுமா? பிறவியில் வந்த கூர்மை, ஒழுக்கத்தால் வந்த நம்பிக்கை, பயிற்சியால் வந்த தேர்ச்சி ஆகியவை இங்கே ஒன்று சேர்ந்துள்ளன. இவற்றுள் எதில் குறையிருந்தாலும் அப்பணிக்கு அவர் போதாதவராகியிருப்பார். மலையைப் பெயர்ப்பதே இதைவிட எளிதாக இருந்திருக்கும் என்று அவர் மலைத்தார், ஆயினும் ஏற்றார், முடித்தார். பதினோரு வயதில் அவருடைய நினைவாற்றலை எவரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாங்கின் வரலாறும் இதையே சொல்கிறது. தொழுகைக்கு அழைக்கும் சொற்களைக் கனவில் கேட்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி). ஆனால் அவற்றை முழங்கும்படி பணிக்கப்பட்டவர் பிலால் (ரலி). பிலாலின் குரல் மேலோங்கி ஒலிக்கக் கூடியது என்பதே பெருமானார் சொன்ன காரணம். கனவு கண்டவர் மனம் சுளிக்காமல் சொற்களைச் சொல்லிக் கொடுத்தார். குரல் வாய்த்தவர் அழைத்தார். அடிமையாய்க் கிடந்து சுடுமணலில் வதைபட்ட ஒருவரின் குரலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு முன் யார் கேட்டார்கள்? மதீனாப் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது, யமாமாவிலிருந்து வந்த தல்க் பின் அலி (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் கைதேர்ந்தவர் என்று கண்டு, அவ்வேலையை அவரிடமே விடுமாறு பெருமானார் கூறியதாக அறிவிப்பு உள்ளது. மண் குழைக்கும் திறனும் அங்கே மதிக்கப்பட்டது.

ஒருவருக்கு எது இயலும் என்று அறிவதைப் போலவே எது இயலாது என்று அறிவதும் தேவை. வாய்மையில் இணையற்றவரான அபூதர் (ரலி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பொன்றைக் கேட்டபோது, அவருடைய தோளில் தட்டி, நீர் அதற்கு வலிமையற்றவர், அது ஓர் அமானிதம் என்று பெருமானார் எடுத்துரைத்தார்கள். அது அவமதிப்பன்று, அன்பு. தமக்குப் பொருந்தாத சுமையை ஏற்று அவர் நாளை வருந்தக் கூடாது என்ற கனிவு.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விமானப் படையில் விமானியாக விரும்பினார். டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். ஓட்டுவதற்கு இடம் கிடைக்காதவர் உருவாக்கும் துறைக்குத் திரும்பினார். அவரை இயக்குநராகக் கொண்ட எஸ்.எல்.வி.-3 திட்டம் 1979இல் தோல்வி கண்டு, 1980இல் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. ஒரு வாயில் அடைபடுவது வாழ்வே அடைபடுவதாகாது.

அப்படியானால் நமக்குள்ள திறனை எவ்வாறு அறிவது? வழிகள் எளியவை. எவரும் ஏவாமல் பிள்ளை எதை நாடிச் செய்கிறான் என்று கவனியுங்கள். எந்த வேலையில் பொழுது போவது தெரியாமல் இருக்கிறான், தவறினாலும் எதை மீண்டும் மீண்டும் முயல்கிறான் என்று பாருங்கள். பெரியவர்களாயின், அண்டை அயலார் எந்த உதவிக்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம்மை நாம் அறியாத இடத்தில் பிறர் அறிந்திருப்பர். மத்ரஸா உஸ்தாதையும் பள்ளி ஆசிரியரையும் சந்திக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், இவனிடம் நீங்கள் கண்ட நல்ல இயல்பு எது என்றும் கேளுங்கள்.

பெண் மக்களுக்கும் இது பொருந்தும். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) எழுத்தறிவு மிக்கவர்; அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர். ருஃபைதா (ரலி) காயமுற்றோரைப் பேணுவதில் வல்லவர். அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவருடைய கூடாரத்தில் வைத்தே கவனிக்கப்பட்டார். பெண்ணின் அறிவைப் பூட்டி வைப்பதற்கு இவ்வரலாற்றில் இடமில்லை.

இங்கே இரு எச்சரிக்கைகளும் அவசியம். எனக்கு இயல்பாக வராது என்று சொல்லிக் கடமைகளைத் தட்டிக் கழிக்க எவருக்கும் உரிமையில்லை. தொழுகையும் நேர்மையும் பெற்றோரைப் பேணுதலும் எல்லோர்க்கும் பர்ளு ஐன். எழுத்தும் கணக்கும் எல்லோர்க்கும் வேண்டியவையே. தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவையே தவிர விலக்கு அன்று. மற்றோர் எச்சரிக்கை செருக்கைப் பற்றியது. தன் செல்வமெல்லாம் தன் அறிவால் வந்ததே என்று பேசிய காரூன் என்ன ஆனான் என்பதைத் திருமறை விளக்குகிறது. திறன் நம் சொத்தன்று, அமானிதம். கொடுத்தவன் கணக்குக் கேட்பான்.

இது வீட்டோடு முடிகிற விஷயமும் அன்று. மருத்துவம், உழவு, நெசவு போன்றவை சமுதாயத்தின் மீது பொதுவாக விழுந்த பர்ளு கிஃபாயா. அவற்றைச் செய்வோர் இல்லாத ஊரில் குற்றம் எல்லோர் மீதும் படிகிறது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, மக்கள் பதவியும் செல்வாக்கும் தரும் சட்டக் கல்வியை நோக்கியே முண்டியடிப்பதைக் கண்டித்து எழுதினார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் முண்டியடிப்பு ஓயவில்லை. ஓடும் திசைதான் மாறியிருக்கிறது. ஒரே படிப்பில் ஆயிரம் பேர் குவிந்து வேலைக்கு ஏங்க, நல்ல ஆசிரியரும் நல்ல தச்சரும் நல்ல செவிலியரும் கிடைக்காமல் ஊர் தவிக்கிறது. ஜமாஅத்தார் முதலிடம் பெற்றவனுக்குப் பொன்னாடை போர்த்துவது நன்று. கைத்தொழிலில் சிறந்தவனுக்கும், முதியோரைப் பேணுவதில் சிறந்தவளுக்கும் அம்மேடையில் இடம் தருவது அதனினும் நன்று.

பெற்றோர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, உனக்கு எதைச் செய்யும்போது மனம் நிறைகிறது என்று கேளுங்கள். விடை உங்களுக்கு உவப்பாக இல்லாவிடினும் பொறுமையோடு கேளுங்கள். பிறகு, அதை வளர்க்க உங்களால் இயன்ற ஒன்றைச் செய்யுங்கள். ஒரு நூலோ, ஒரு கருவியோ, ஒரு நல்ல ஆசானின் அறிமுகமோ போதும்.

நமக்கு அருளியதை அறிந்துகொள்ளும் தெளிவையும், அறிந்ததைப் பிறருக்குப் பயன்படச் செய்யும் நல்லுள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.