பால் வீட்டில், பிள்ளை கண்ணாடிப் பெட்டியில்



என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்த கையோடு பிரசவமாகிவிட்டது. 31 வாரம், 1,350 கிராம். சேர்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம். பேரனைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி மறக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் நர்ஸ் நீட்டிய சீட்டில், மருந்தோடு மருந்தாகப் பால்பவுடர் டின்னும் கம்பெனிப் பெயரோடு எழுதியிருந்தது.

"அவளுக்குத்தான் பால் சுரக்குதேம்மா" என்றேன்.

"அது பத்தாதும்மா. அவங்களை உள்ள விட்டா இன்ஃபெக்‌ஷன் ஆகிடும்."

பத்தாதாம்! அன்றைக்குக் குழந்தைக்கு டியூபில் போனது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி. நாலாம் நாள் மகளை மட்டும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். மார்பு கட்டிக்கொண்டு, நடுராத்திரியில் அழுதபடி எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சினாள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போக, தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியிலிருந்து வருவதை வாங்க மாட்டோம் என்றார்கள். மஞ்சள் மாறாத அந்தப் பாலை நானே சிங்க்கில் ஊற்றினேன்.

சுமார் 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் குழந்தைக்கு ஒருசேர வராது. அதனால்தான் முதலில் டியூப், பிறகு பாலாடை, அப்புறம் மார்பு. (நம் வீட்டுப் பாலாடையை அதே பெயரில் வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் எழுதுகிறார்களாம்.) எதில் கொடுத்தால் என்ன, உள்ளே போவது தாய்ப்பாலாக இருக்கலாமே? பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து கூடுதல் என்பது டாக்டர்களுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்தே தாயின் நெஞ்சோடு அணைத்து வையுங்கள், தாயையும் சேயையும் பிரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இலேயே சொல்லிவிட்டது. பால்பவுடரை எந்த வகையிலும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிற சட்டம் 1992-இலிருந்து இருக்கிறது. கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டை என்னவென்று சொல்வது?

எங்களுக்குப் பக்கத்து மாதவரத்தில் 2024-இல் ஒரு கடையில் தாய்ப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்று, அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 50 மில்லி 500 ரூபாய் என்று பேப்பரில் வந்தது. சீல் வைத்தது சரிதான். அந்த விலைக்கு யார் வாங்கினார்கள், அவர்கள் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தது என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்கு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பச்சிளங்குழந்தை வார்டு நடத்தத் தனியாருக்கு அனுமதி தரும் சுகாதாரத் துறை, எத்தனை வென்டிலேட்டர் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தாய் உட்கார ஒரு நாற்காலி, பால் பீய்ச்ச மறைவான ஓர் அறை, அதை வைக்க ஒரு ஃபிரிட்ஜ், ராத்திரி தங்க ஒரு கட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

ஒரு பாட்டி,
எம்.கே.பி. நகர், சென்னை – 39